ஆசியான் ஒப்பந்தத்தை ரத்து செய்தால் பற்றாக்குறை குறையுமா?

நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "ஆசியான் நாடுகளோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டு பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது. பற்றாக்குறைதான் ஏறிக்கொண்டே போகிறது. இந்தியாவுக்கு நட்டம் என்று தெரிந்தும் ஏன் வைத்திருக்கிறோம்? ரத்து செய்தால் என்ன?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பற்றாக்குறைக்கு, அதாவது விற்பதைவிட அதிகம் வாங்குவதால் வரும் இடைவெளிக்கு, இந்த ஒப்பந்தம்தான் காரணமா என்பது ஒன்று. இதனால் நமக்கு ஏதாவது கிடைத்ததா, இனியாவது கிடைக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வரி அட்டவணையையும் இறக்குமதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பெருமளவு பதில் கிடைத்துவிடும். இரண்டாவதில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும். கலக்கும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நான் பல வருடங்களாகச் சுங்க ஆவண வேலையில் இருப்பவன். இறக்குமதியாளர்களுக்கு வரிச் சலுகை கோரும் தாள்களைத் தயாரிப்பதும், ஏற்றுமதியாளர்களுக்கு மூலச் சான்றிதழ் (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று) வாங்கித் தருவதும்தான் தொழில். ஆகவே சரக்கு வர்த்தகம் பற்றித் தெம்பாகப் பேசுவேன். கடற்படை, பாதுகாப்பு விஷயங்களில் நானும் உங்களைப் போல ஒரு வாசகன்தான். அந்தப் பகுதியை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துவிடலாம். ஆசியான் 1967இல் பாங்காக்கில் ஐந்து தென்கிழக்கு ஆசிய நாடுகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. 1999க்குள் பத்து நாடுகள் ஆனது, 2025 அக்டோபரில் திமோர் லெஸ்தே பதினோராவதாகச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசும்போதுதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சுங்க ஒன்றியம். வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லா உறுப்பு நாடுகளிலும் ஒரே வரி. ஆசியானில் அப்படி இல்லை. இந்தோனேசியாவின் வரி வேறு, வியட்நாமின் வரி வேறு. ஜகார்த்தாவில் இருக்கும் தலைமைச் செயலகத்துக்கு யாருக்காகவும் வரியைக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. முடிவுகள் ஒருமித்த சம்மதத்தில்தான் எடுக்கப்படும். ஆகவே "ஆசியானோடு ஒப்பந்தம்" என்று நாம் சொல்வது நடைமுறையில் ஒரே அட்டைக்குள் கட்டிவைத்த பல அட்டவணைகள். இந்தியா ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாக என்ன வாங்கியது என்று பார்த்தால்தான் லாப நட்டம் புரியும்.

இந்தியா 1992இல் ஆசியானின் துறைசார் பங்காளி ஆனது. நரசிம்ம ராவ் காலத்துக் "கிழக்கு நோக்கிய" கொள்கையின் முதல் பலன் அது. 2003இல் பாலியில் கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகு ஆறு வருடம் இழுபறி. 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் முடிவாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சேவைகளுக்கும் முதலீட்டுக்கும் 2014இல் தனி ஒப்பந்தங்கள் போட்டார்கள். இந்த ஆறு வருட இழுபறிக்குக் காரணமான பாமாயிலும் மிளகும் கீழே வரும்.

இப்போது பற்றாக்குறை. ஒப்பந்தம் வந்த காலத்தில் ஆசியானோடு நமக்கிருந்த பற்றாக்குறை ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்குக் கீழே. 2022-23இல் அது சுமார் 4,350 கோடி டாலர். அந்த ஆண்டு நாம் விற்றது சுமார் 4,400 கோடி, வாங்கியது கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, நண்பரின் கவலை நியாயமானது. ஆனால் வாங்கிய பொருள்கள் என்னென்ன, ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவற்றுக்கு என்ன வரி இருந்திருக்கும் என்று யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குள்தான் விஷயமே இருக்கிறது.

பாமாயிலை எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நாம் வாங்கும் பெரிய சரக்குகளில் ஒன்று. ஒப்பந்தத்தில் இது "சிறப்புப் பொருள்" பட்டியலில் இருக்கிறது. கச்சா பாமாயிலுக்கு 80 சதவீதத்திலிருந்து படிப்படியாக 2019 முடிவுக்குள் 37.5 சதவீதத்துக்கு இறக்குவோம் என்றுதான் இந்தியா வாக்குக் கொடுத்தது. அதாவது 37.5 வரை வரி போட நமக்கு முழு உரிமை உண்டு. நாம் என்ன செய்தோம்? உள்நாட்டில் எண்ணெய் விலை ஏறியதும் 2021 அக்டோபரில் அடிப்படை வரியைப் பூஜ்யமாக்கினோம். 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக ஏற்றினோம், 2025 மே கடைசியில் மறுபடி 10 ஆகக் குறைத்தோம். இவையெல்லாம் உலகத்தில் யாரிடமிருந்து வாங்கினாலும் போடும் பொது வரி. ஒப்பந்தம் கேட்பதைவிடக் குறைவான வரியை நாமே விரும்பி வைத்திருக்கிறோம். நம் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பியிருக்கும்போது வேறு வழியும் குறைவு. அப்படியானால் பாமாயிலால் வரும் பற்றாக்குறையை இந்த ஒப்பந்தத்தின் கணக்கில் எழுத முடியாது.

நிலக்கரியும் அப்படித்தான். இந்தோனேசிய நிலக்கரிக்கு நம் அனல் மின் நிலையங்களில் தேவை இருக்கிறது, அதன் பொது வரியே மிகக் குறைவு. அப்புறம் மின்னணுச் சிப்கள். சிங்கப்பூர், மலேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து நிறைய வருகின்றன. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997லேயே சேர்ந்துவிட்டதால் சிப்களுக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அடிப்படை வரி இல்லை. இந்த மூன்று வகைகளும் சேர்ந்தால் இறக்குமதியில் பெரிய பங்கு. ஒப்பந்தத்தை நாளைக்கே கிழித்துப் போட்டாலும் இவை வந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, அப்படியானால் ஒப்பந்தத்தால் பாதிப்பே இல்லையா? இருக்கிறது, இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். ரப்பரைப் பாருங்கள். இயற்கை ரப்பர், விவசாயிகளைக் காப்பதற்காக, வரிச் சலுகை கிடையாத விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் மொத்தம் 489 பொருள்கள். ஆனால் அதே ரப்பரில் கார்பன் பிளாக் போன்ற சேர்மானங்களைக் கலந்து "கலப்பு ரப்பர்" என்று அனுப்பினால் அது வரி அட்டவணையில் வேறு தலைப்பில் வந்துவிடும், சலுகை வரிக்கும் தகுதி பெற்றுவிடும். 2023 பட்ஜெட்டில் கலப்பு ரப்பரின் பொது வரியை 10 சதவீதத்திலிருந்து இயற்கை ரப்பருக்கு இணையாக, அதாவது 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அதற்கு ஏற்றினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சலுகைச் சான்றிதழோடு ஆசியான் நாட்டிலிருந்து வரும் சரக்குக்கு அந்த ஏற்றம் பொருந்தாது. முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த நிலைமை. மூலப்பொருளுக்கு அதிக வரி, அதை வைத்துச் செய்த பொருளுக்குக் குறைந்த வரி என்ற இந்தத் தலைகீழ் அமைப்பு ரப்பரோடு நிற்கவில்லை. பிளாஸ்டிக், உலோகப் பொருள்கள், ரசாயனங்கள் என்று பல துறைகளில் சிறு உற்பத்தியாளர்கள் இதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். இதில் பாதிப் பழி நம் சொந்த வரி அமைப்புக்கு உரியது. மூலப்பொருள் வரியைக் குறைக்க நமக்கு எந்த ஆசியான் நாட்டின் அனுமதியும் தேவையில்லை.

மிளகு இன்னொரு கதை. கேரளத்தில் 2009 அக்டோபர் 2 அன்று இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து மனிதச் சங்கிலி நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். மிளகுக்கு 70 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரைதான் வரி இறங்கும் என்று பாதுகாப்பு வைத்தார்கள். தாளில் பார்த்தால் பலமான சுவர். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, நம் இலங்கை ஒப்பந்தத்தின் சலுகையில் உள்ளே வருகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். கடைசியில் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அரசு விதிக்க வேண்டிவந்தது. அன்றைய போராட்டக்காரர்கள் கவலைப்பட்டது வரி விகிதத்தைப் பற்றி. தொல்லை வந்ததோ சரக்கு எங்கே விளைந்தது என்பதை உறுதி செய்வதில்.

ஒப்பந்தத்தின் பலவீனமான இடமும் அதுதான், அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் மூல விதி. ஒரு பொருள் ஆசியான் நாட்டில் உருவானது என்று ஒத்துக்கொள்ள இரண்டு நிபந்தனைகள். அதன் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறு இலக்க வரிக் குறியீட்டிலிருந்து (பொருள்களை வகைப்படுத்தும் எண்) முடிந்த பொருளின் குறியீடு மாறியிருக்கவும் வேண்டும். இந்த 35 என்ன என்று கூட்டிப் பாருங்கள். நூறு டாலர் பொருளில் 65 டாலருக்குச் சீன உதிரிகள் இருக்கலாம். மீதி 35இல் கூலி, ஆலைச் செலவு, லாபம் எல்லாம் சேரும். ஆமாம், லாபமும் கணக்கில் உண்டு. சீனாவுக்கும் ஆசியானுக்கும் இடையே தனி ஒப்பந்தம் இருப்பதால் உதிரிகள் பெரும்பாலும் வரியில்லாமல் அங்கே போகும், பொருத்தப்பட்டு இங்கே வரும். இதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. தவறு நடப்பது 35ஐக்கூடத் தொடாத சரக்குக்குச் சான்றிதழ் வரும்போது.

முன்பெல்லாம் சான்றிதழில் முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருந்தால் சரக்கு போய்விடும். சந்தேகம் வந்தால் எதிர்நாட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். 2020 செப்டம்பர் 21 முதல் நிலைமை மாறியது. சுங்கச் சட்டத்தில் புதுப் பிரிவும் அதையொட்டிய விதிகளும் வந்து, சரக்கு எப்படி அந்த நாட்டில் உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும் என்றானது. நேர்மையான சிறு இறக்குமதியாளருக்கு இது சுமைதான். விற்பவர் தன் அடக்க விலையை வாங்குபவரிடம் ஏன் சொல்வார்? இந்த நடைமுறைச் சங்கடம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இருந்தாலும் பொய்ச் சான்றிதழ்க்காரர்களுக்குப் பயம் வந்தது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன். தொகை அளவில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பது விவாதத்துக்குரியது, அதில் நான் எண் சொல்ல மாட்டேன்.

ஏற்றுமதிப் பக்கம் நாம் ஏன் பின்தங்கினோம்? சிங்கப்பூர் ஏற்கெனவே உலகத்துக்கே கிட்டத்தட்ட வரி இல்லாத நாடு. அங்கே நமக்குப் புதிதாக ஒரு சலுகையும் கிடைக்க வழியில்லை. இந்தியத் தரப்பு முன்வைக்கும் கணக்குப்படி, நாம் சுமார் 71 சதவீத வரி இனங்களை (வரி அட்டவணையில் தனித்தனியாக வரி குறித்த பொருள்களை) திறந்தோம், இந்தோனேசியா நமக்குத் திறந்தது 41 சதவீதம்தான். இதுவே பேரத்தில் நாம் கோட்டைவிட்ட இடம். வரி குறைந்த இடங்களிலும் வேறு தடைகள் உண்டு. மருந்துப் பதிவு, ஹலால் சான்று, அரிசிக்கும் இறைச்சிக்கும் உரிமம், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தரச் சோதனை. ஒரு நடுத்தர மருந்து நிறுவனம் இந்த வட்டாரம் முழுக்க விற்க வேண்டுமென்றால் நாட்டுக்கு ஒரு பதிவு என்று அலைய வேண்டும். அதோடு நம் ஏற்றுமதியாளர்களில் பலர் கிடைக்கிற சலுகையையே கோருவதில்லை. வரி வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதம் என்றால், அடக்க விலைத் தாள் தயாரித்துச் சான்றிதழ் எடுக்கும் தொல்லைக்கு அது ஈடாகாது என்று விட்டுவிடுகிறார்கள். சேவைத் துறையில் இந்தியா நிறைய எதிர்பார்த்தது. நம் செவிலியர், பொறியாளர், கணக்காளர் படிப்பை அங்கே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு பெரிதாக நகரவில்லை. மறுபக்கம், சிங்கப்பூரிலிருந்து வரும் முதலீட்டை மறக்கக் கூடாது. 2024-25இல் இந்தியாவுக்கு அதிக அந்நிய நேரடி முதலீடு வந்தது அங்கிருந்துதான், ஏறத்தாழ 1,500 கோடி டாலர். அது முழுவதும் சிங்கப்பூர்க்காரர்களின் பணம் இல்லை, பல நாட்டு நிதியங்கள் அங்கே அலுவலகம் வைத்து அனுப்புவது. ஆனாலும் பணம் இங்கே தொழிலாகத்தான் இறங்குகிறது.

இங்கே ஆர்செப் (RCEP, பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை) பற்றிச் சொல்ல வேண்டும். ஆசியானை மையமாக வைத்துச் சீனா, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்த பெரிய வர்த்தக ஒப்பந்தம். 2012 முதல் பேசிய இந்தியா, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் விலகியது. வரிக் குறைப்புக்கு 2014ஐ அடிப்படை ஆண்டாக வைத்ததும் (அந்த ஆண்டு இருந்த வரியிலிருந்து குறைக்க வேண்டும்), இறக்குமதி திடீரென்று பெருகினால் தானாக வரி ஏறும் பாதுகாப்பு கிடைக்காததும் முக்கியக் காரணங்கள். சரியான முடிவா? படித்தவர்கள் இரண்டு அணியாக நிற்கும் கேள்வி இது. என் கருத்து, சீனாவோடு இருந்த பற்றாக்குறையைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் விலையும் கொடுத்தோம். வியட்நாம் ஆலை ஒன்று ஜப்பானுக்கு ஆர்செப் சலுகையில் சட்டை அனுப்பினால், சீனத் துணி அதில் உள்நாட்டு மதிப்பாகக் கூட்டப்படும், இந்தியத் துணி கூட்டப்படாது. நம் நூலும் துணியும் அந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்கின்றன.

ராஜதந்திரம் சரக்கிலிருந்து தனியாக நிற்பதில்லை என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2019 இறுதியில் மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றியும் குடியுரிமைச் சட்டம் பற்றியும் இந்தியாவை விமர்சித்துப் பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் போட்டது. அறிவிப்பில் மலேசியாவின் பெயர் இல்லை, அடி விழுந்தது அங்கேதான். இரண்டாவது, 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நாம் நிறுத்தியபோது அரசுகளுக்கு இடையிலான பேச்சின் மூலம் சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தோம். சிங்கப்பூருக்கு 50,000 டன், மலேசியாவுக்கு 1,70,000 டன், பிலிப்பைன்ஸுக்கு 2,95,000 டன். நெருக்கடி நேரத்தில் போனை எடுத்துப் பேச ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அரிசி வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். பாதுகாப்பில், 2022இல் பிலிப்பைன்ஸ் பிரமோஸ் ஏவுகணை வாங்க ஒப்பந்தம் செய்தது, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. தென்சீனக் கடல் தகராறு இல்லாமல் இது நடந்திருக்காது என்பது பொதுவான கணிப்பு.

சாலை விஷயம் மனதுக்குக் கஷ்டமானது. மணிப்பூரின் மோரேயிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சாட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை. 2002லிருந்து பேசுகிறோம். 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மரில் உள்நாட்டுப் போர், 2023 மே முதல் மணிப்பூரிலும் கலவரம். கொல்கத்தாவிலிருந்து மியான்மர் வழியாகக் கடல், ஆறு, சாலை மூலம் மிசோரமை இணைக்கும் கலாதன் திட்டத்தில், மியான்மரின் சித்வே துறைமுகத்துக்கு 2023 மே மாதம் கொல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் போனது. ஆனால் ஆற்று வழியில் அடுத்த முனையான பலேத்வா 2024 ஜனவரியில் அரக்கான் ராணுவம் என்ற மியான்மர் கிளர்ச்சிப் படையின் கைக்குப் போய்விட்டது. ஆசியானோடு நமக்கு இருக்கும் ஒரே நில எல்லை மியான்மர்தான். அது அமைதியாகாமல் வடகிழக்கு மாநிலங்களுக்கு இந்த ஒத்துழைப்பின் பலன் போய்ச் சேராது.

இனி ரத்து செய்வது. பலரும் கவனிக்காத ஒன்று, சிங்கப்பூரோடு 2005 முதலும், மலேசியாவோடு 2011 முதலும் நமக்குத் தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. தாய்லாந்தோடு 2004 முதல் 82 பொருள்களுக்குச் சலுகை உண்டு. ஆசியான் ஒப்பந்தம் போனாலும் இவை போகாது. போகப்போவது முக்கியமாக இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் சந்தைகளில் நமக்கு இருக்கும் சலுகைதான். அந்த இடத்தில் சீனச் சரக்கு இன்னும் வசதியாக உட்காரும். ஆகவே ரத்து என்பதை நான் ஆதரிக்கவில்லை. திருத்தம் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அந்த வேலை தொடங்கியும் இருக்கிறது. 2022இல் மறுஆய்வுக்குச் சம்மதித்தார்கள், 2025க்குள் முடிப்பது இலக்கு, அந்த ஆண்டு அக்டோபர் உச்சி மாநாடு வரை முடியவில்லை. இடையில் 2025 ஜூனில் நம் வணிக அமைச்சர் ஆசியானைச் சீனாவின் இரண்டாம் அணி என்ற பொருளில் பேசியது அங்கே வருத்தத்தை உண்டாக்கியது. பேரம் நடக்கும்போது அந்தப் பேச்சு உதவவில்லை என்றே நினைக்கிறேன்.

மறுஆய்வில் நான் முதலில் தேடப்போவது, எல்லாப் பொருளுக்கும் ஒரே 35 என்பதை மாற்றிப் பொருளுக்குப் பொருள் மூல விதி வருகிறதா என்பது. கலப்பு ரப்பர் போன்ற ஓட்டைகள் அடைபடுகின்றனவா, இந்தோனேசியா கூடுதலாக எந்த வரி இனங்களைத் திறக்கிறது, சான்றிதழ் விவரம் இரு சுங்கத் துறைகளுக்கும் இடையே மின்னணு வழியில் நேராகப் போகிறதா என்பதெல்லாம் அடுத்து. நண்பருக்கு ஒரு யோசனை: வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத் தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இந்தோனேசியாவையோ வியட்நாமையோ தேர்ந்தெடுத்து, அதிகம் வரும் இருபது பொருள்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொது வரியையும் ஒப்பந்த வரியையும் எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாத பொருள்களை அடித்துவிட்டு மிச்சம் இருப்பதை இங்கே பகிர்ந்தால், அதில் மூல விதிச் சிக்கல் எது, நம் சொந்த வரிச் சிக்கல் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.